ஐந்து பொருத்தம் இருந்தால் போதும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதற்குப் பிறகு சாப்பாடு. பந்திக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நிற்கிறவன் நீளமாகப் பேசினால் என்ன ஆகும் என்பது விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஜெர்மன் மொழி சொல்லிக் கொடுக்கிறவன். அதனால் நம் நண்பர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி போன் வரும். "பையன் எம்.எஸ். படிக்க ஜெர்மனி போறான்." "பொண்ணு நர்சிங் முடிச்சுட்டா, அங்கே வேலைக்கு முயற்சி பண்றா." இரண்டு வீட்டிலும் குறை ஒன்றுதான்: "கிளாஸுக்குப் போறாங்கப்பா, பரீட்சையும் எழுதறாங்க, ஆனா வாயைத் திறந்து பேச வரலை. இன்டர்நெட்டில் யாராவது ஜெர்மன்காரங்க பேசறதுக்குக் கிடைப்பாங்களா?"

கிடைப்பார்கள். ஆனால் எப்படிப்பட்டவர் கிடைத்தால் நிலைக்கும் என்பதுதான் கேள்வி. என் மொழியை நீ கற்றுக்கொள், உன் மொழியை எனக்குக் கற்றுக்கொடு என்ற இந்தப் பண்டமாற்றில், பத்து ஜோடி ஆரம்பித்தால் பலது மூன்றாவது வாரத்திலேயே படுத்துவிடுகிறது. குற்றம் ஆளிடம் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இதற்கு ஐந்து போதும். அந்த ஐந்தைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். இது இன்டர்நெட் பெற்ற பிள்ளை இல்லை. இரண்டு உலகப் போர்களில் எதிரெதிராக நின்ற பிரான்சும் ஜெர்மனியும் 1963-ல் எலிசே ஒப்பந்தம் செய்துகொண்டன. அதே வருஷம் இரு நாட்டு இளைஞர்களையும் பழக வைக்க ஓர் அலுவலகத்தைத் திறந்தார்கள். அந்தச் சந்திப்புகளில் ஒரு பிரெஞ்சுப் பையனையும் ஒரு ஜெர்மன் பையனையும் ஜோடி சேர்த்து, பாதி நேரம் அவன் மொழி, பாதி நேரம் இவன் மொழி என்று பேச வைக்கும் முறை வளர்ந்தது. அதற்கு 'டேண்டம்' என்று பெயர். இரண்டு பேர் ஏறி மிதிக்கும் சைக்கிளுக்கு உள்ள பெயர் அது. பின்னால் இருப்பவன் காலைத் தூக்கி வைத்துக்கொண்டால் முன்னால் இருப்பவனுக்கு மூச்சு வாங்கும். ரொம்பப் பொருத்தமான பெயர்.

1990-களில் ஜெர்மனியின் போகும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து இதை மின்னஞ்சலுக்குக் கொண்டு போனார்கள். ஹெல்முட் பிராமர்ட்ஸ் என்பவர் அதில் முன்னின்றவர். அவர்கள் வகுத்த கொள்கை இரண்டே இரண்டு. ஒன்று, கொடுக்கல் வாங்கல் இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு, என் படிப்புக்கு நானே பொறுப்பு; கூட்டாளி எனக்கு வாத்தியார் இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் நான் சொல்லும் ஐந்து பொருத்தமும் எளிதாகப் புரியும்.

முதல் பொருத்தம், தேவைப் பொருத்தம். ஜாதகத்தில் ரஜ்ஜுப் பொருத்தம் தட்டினால் மற்றது எத்தனை இருந்தாலும் வேண்டாம் என்பார்களே, அந்த இடம் இதற்கு.

நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஒரு செயலியில் பெயரைப் பதிவு செய்கிறார்கள். "கற்க விரும்பும் மொழி: ஜெர்மன். கற்பிக்கக்கூடிய மொழி: இங்கிலீஷ்." யோசித்துப் பாருங்கள். ஜெர்மன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷ் படித்துவிடுகிறார்கள். இன்னும் மெருகேற்ற வேண்டுமென்றால் லண்டன்காரரைத் தேடுவார்கள், நியூயார்க்காரரைத் தேடுவார்கள். நம் பிள்ளையிடம் வருகிறவருக்கு நம்மிடம் அவசரத் தேவை எதுவும் இல்லை. இரண்டு வாரம் மரியாதைக்குப் பேசுவார், மூன்றாவது வாரம் அவருக்கு வேலை வந்துவிடும். இன்னொன்றும் நடக்கும். இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வருவதால் பேச்சு முழுக்க இங்கிலீஷிலேயே போய்விடும். ஜெர்மன் கற்க வந்தவன் இங்கிலீஷ் பேசிவிட்டுப் போவான்.

என்னிடம் ஒரு பெண் படித்தாள். கிராமத்துப் பெண், தமிழ் மீடியம், நர்சிங் முடித்தவள். நன்றாக எழுதுவாள். பேச ஆள் தேடிக்கொள் என்று சொன்னதும் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இங்கிலீஷே சரியா வராது சார். அவங்களுக்குக் கொடுக்க என்கிட்ட என்ன சார் இருக்கு?"

"தமிழ் இருக்கேம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. தமிழை யார் சார் கேட்பாங்க என்றாள்.

கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து பெருந்தொகையான தமிழ்க் குடும்பங்கள் ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிரான்சுக்கும் போயின. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஜெர்மன்தான் சரளமான மொழி. தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. பலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. இவர்களைத் தவிர ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் தமிழ் படிக்கும் மாணவர்கள் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்த, மாப்பிள்ளையாகப் போன வெள்ளைக்காரர்கள் உண்டு. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் இவர்களுக்குத் தமிழ் பேச ஆள் கிடைப்பது அரிது. அரிதாகக் கிடைத்ததை யாரும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிட மாட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் அப்படி ஒருத்தி கிடைத்தாள். ஜெர்மனியில் பிறந்தவள், கல்லூரி மாணவி. அவள் எழுதிய முதல் கடிதத்தில் ஒரு வரி: "யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மம்மாவோடு போனில் பேச வேண்டும், ஹலோவுக்கு மேலே எனக்கு வார்த்தை இல்லை." அவ்வளவுதான். இவளுக்கு வேலைக்கு ஜெர்மன் வேண்டும், அவளுக்கு அம்மம்மாவுக்காகத் தமிழ் வேண்டும். தேவை இரண்டு பக்கமும் ஒரே கனம். தராசு சமமாக நின்றது.

இரண்டாவது, நிலைப் பொருத்தம். ஐரோப்பாவில் மொழித் திறமையை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள். 2001-ல் வெளியான அளவுகோல் அது: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 என்றால் இப்போதுதான் வாய் திறக்கிறார். சி2 என்றால் ஏறக்குறைய அந்த ஊர்க்காரர்தான். நர்சு வேலைக்குப் பொதுவாக பி2 வரை கேட்பார்கள்.

இரண்டு பேரும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. ஆனால் இடைவெளி அதிகமானால் ஆபத்து. தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், பேச்சு சுலபமான மொழியைப் பார்த்து ஓடும். என் ஜெர்மன் பி2, அவருடைய தமிழ் ஏ1 என்றால், அரை மணி ஜெர்மன் பேசிவிட்டுத் தமிழுக்கு வரும்போது 'எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கேன்' என்பதோடு முடிந்து மறுபடி ஜெர்மனுக்குத் திரும்பிவிடும். எனக்கு லாபம் போலத் தெரியும். ஆனால் அவர் போய்விடுவார்.

இதற்கு ஒரே மருந்து கடிகாரம். முப்பது நிமிடம் ஜெர்மன், முப்பது நிமிடம் தமிழ், மணி அடித்தால் மொழி மாற வேண்டும். ஏ1-காரருக்கு அந்த முப்பது நிமிடத்துக்குப் பேச்சு வராவிட்டால் ஒரு படத்தைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேளுங்கள். சந்தைக்குப் போனால் என்ன வாங்குவாய் என்று கேளுங்கள். சும்மா 'ஏதாவது பேசு' என்றால் நமக்கே பேச்சு வராது. தலைப்பை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

ஏன் இப்படிப் பிடித்து வைத்துப் பேச வைக்க வேண்டும், கேட்டுக் கேட்டே வந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கனடாவில் மெரில் ஸ்வெய்ன் என்ற பேராசிரியை இதைப் பார்த்திருக்கிறார். பிரெஞ்சிலேயே பாடங்கள் நடக்கும் பள்ளிகளில் வருஷக்கணக்காகப் படித்த இங்கிலீஷ் பிள்ளைகள், பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிக்காரர்கள். பேச்சும் எழுத்தும் அந்த அளவுக்கு வரவில்லை. காதில் விழுந்தால் மட்டும் போதாது, பேசியே தீர வேண்டிய நெருக்கடியும் வேண்டும் என்று 1985-ல் எழுதினார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

மூன்றாவது, நேரப் பொருத்தம். சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அநேக ஜோடிகள் பிரிவது இங்கேதான். ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை மணி. அவர்கள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நாம் மாற்றுவதில்லை. இது தெரியாமல் ஒருவர் ஒரு மணி நேரம் காத்திருந்து, மற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கோபித்துக்கொண்டு போன கதையெல்லாம் உண்டு. நம் ஊர் இரவு எட்டரை மணி அவர்களுக்குக் கோடையில் மாலை ஐந்து, குளிர்காலத்தில் மாலை நான்கு. இருவருக்கும் தோதான ஒரு கிழமை, ஒரு மணி. அதை மாற்றக் கூடாது. தினமும் பேசுவோம் என்று வாக்குக் கொடுக்கிறவரை நம்பாதீர்கள். வாரம் ஒரு முறை தவறாமல் வருகிறவரே உத்தமம்.

எந்தச் செயலி என்று கேட்பீர்கள். ஹலோடாக் இருக்கிறது, பெர்லினிலிருந்து வந்த டேண்டம் இருக்கிறது, இன்னும் பல. ஒன்றையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். லைவ்மோக்கா என்று ஒன்று பெரிய பெயரோடு இருந்தது, 2016-ல் மூடிவிட்டார்கள். 2003-ல் வந்து உலகத்தையே பேச வைத்த ஸ்கைப் 2025-ல் கதவைச் சாத்தியது. சந்தை இடம் மாறும். பொருத்தம் பார்க்கத் தெரிந்தவன் எந்தச் சந்தையிலும் பிழைத்துக்கொள்வான்.

நான்காவது, வழக்குப் பொருத்தம். தமிழைக் கொடுக்கப் போகிற நமக்கு இதுதான் முக்கியம். நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். 'நான் வருகிறேன்' என்று எழுதிவிட்டு 'நான் வர்றேன்' என்கிறோம். சார்லஸ் ஃபெர்குசன் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1959-ல் இந்த மாதிரி இரட்டை வழக்கு உள்ள மொழிகளைப் பற்றி எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று சுவிட்சர்லாந்து ஜெர்மன். எழுதுவது ஜெர்மனிக்காரர் எழுதும் ஜெர்மன் போலத்தான். வீட்டில் பேசுவது வேறு. ஆகவே இது இருபக்கமும் உள்ள விஷயம். ஜெர்மனியில் வேலைக்குப் போகிறவருக்கு ஜூரிச் நண்பர் கிடைத்தால், 'நீங்கள் வீட்டில் பேசுகிற மாதிரி வேண்டாம், பொதுவான ஜெர்மனில் பேசுங்கள்' என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அதே மாதிரி தமிழ் கற்க வருகிறவரிடம் முதல் கேள்வி: "உங்களுக்கு யாரோடு பேசத் தமிழ் வேண்டும்?" புத்தகம் படிக்க வேண்டும் என்பவருக்கு ஒரு தமிழ், மாமியாரோடு பேச வேண்டும் என்பவருக்கு இன்னொரு தமிழ். நான் சொன்ன அந்த இரண்டு பெண்களுக்கும் இதில்தான் முதல் சிக்கல். இவள் 'பேசுங்க' என்பாள், அங்கே அம்மம்மா 'கதையுங்கோ' என்பார். இவள் 'ஆமா', அவர் 'ஓம்'. "எது அக்கா சரி?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இவள் என்னிடம் வந்து கேட்டாள். "ரெண்டும் சரி. ஆனா அவ அம்மம்மா எதைச் சொல்றாங்களோ அதுதான் அவளுக்கு வேண்டியது" என்றேன். அதன்பின் அந்தப் பெண் அம்மம்மாவின் வார்த்தைகளைக் குறித்துக்கொண்டு வருவாள், இவள் அதன் அர்த்தத்தை விளக்கி வாக்கியமாக்கிக் கொடுப்பாள். தன் தமிழைத் திணிக்காமல் அடுத்தவருக்கு வேண்டிய தமிழைக் கொடுப்பதுதான் வழக்குப் பொருத்தம்.

மரியாதையும் இதில் சேர்ந்ததுதான். ஜெர்மனில் 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவருக்குத்தான் திண்டாட்டம். ஆனால் எந்த இடத்தில் எது என்பது ஊருக்கு ஊர் வேறு. அங்கே மாணவர்கள் முதல் நாளே ஒருவரையொருவர் 'டூ' என்பார்கள், அதில் அவமரியாதை இல்லை. இங்கே பக்கத்து வீட்டுப் பெரியவரை 'நீ' என்றால் விபரீதம். இதையெல்லாம் புத்தகம் சொல்வதைவிட ஒரு நல்ல கூட்டாளி நன்றாகச் சொல்வார்.

ஐந்தாவது, திருத்தப் பொருத்தம். தப்பு வந்தால் எப்போது திருத்துவது, எப்படித் திருத்துவது? சிலருக்கு வார்த்தைக்கு வார்த்தை திருத்தினால் பிடிக்கும். சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். நம்மவர்களின் வழக்கம் தெரியுமே, மனம் நோகக் கூடாது என்று தப்பைச் சொல்லாமலே விட்டுவிடுவோம். இல்லாவிட்டால், தப்பாகச் சொன்னதை நாம் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். மாண்ட்ரியல் பகுதிப் பள்ளிகளில் லிஸ்டர், ரான்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து 1997-ல் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வகைதான்; மாணவர்கள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் அந்த வகையைத்தான். திருத்தம் என்றே தெரியாமல் பேச்சோடு பேச்சாகப் போய்விடுகிறது.

நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இது. பேசும்போது குறுக்கிடாதே, காகிதத்தில் குறித்துக்கொள். கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றே மூன்று தப்பை மட்டும் சொல். ஐந்தாவது தப்புக்கு மேல் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடுத்த வாரம் அந்த மூன்றையும் முதலில் கேள்.

இந்த ஐந்தும் அமைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதல் கடிதத்திலேயே பாதி தெரிந்துவிடும். 'ஹாய், பேசலாமா' என்று எழுதாதீர்கள். நான் இன்னார், எனக்கு ஜெர்மன் இந்த வேலைக்காக வேண்டும், என் நிலை இது, வாரத்தில் இந்த நாள் இந்த நேரம் வர முடியும், தமிழில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஐந்து வரி எழுதுங்கள். பதிலும் ஐந்து வரியாக வந்தால் நல்ல சகுனம். பிறகு மூன்று முறை பேசிப் பார்ப்போம், ஒத்துவராவிட்டால் சங்கடமில்லாமல் விலகிக்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விலகுவது பாவமில்லை. இழுத்துக்கொண்டே போவதுதான் இருவருக்கும் நஷ்டம்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. இது வரன் தேடும் இடமில்லை. ஆனால் அப்படி நினைத்து வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ஆரம்பத்தில் செயலிக்குள்ளேயே பேசட்டும், போன் நம்பரும் முகவரியும் கொடுக்க வேண்டாம். மொழியை விட்டுப் பேச்சு வேறு பக்கம் திரும்பினாலோ, பணம் என்ற சொல் வந்தாலோ அன்றைக்கே கதவைச் சாத்திவிடட்டும். அதற்காகப் பயந்து பிள்ளையைப் பேசவே விடாமல் வைக்காதீர்கள். பழகும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொரு கேள்வி வரும் என்று தெரியும். முன்வரிசையில் ஒரு தம்பி புன்னகை செய்வதைப் பார்க்கிறேன். "சார், இப்போதெல்லாம் மெஷினே ஜெர்மன் பேசுதே, எதற்கு ஆள்?" உண்மைதான். செயற்கை நுண்ணறிவோடு நள்ளிரவிலும் பேசலாம், நூறு முறை தப்புச் செய்தாலும் கோபித்துக்கொள்ளாது. பயிற்சிக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நானே சொல்வேன். ஆனால் அதற்கு உங்களிடம் தேவை எதுவும் இல்லை. வியாழக்கிழமை இரவு எட்டரைக்கு நீங்கள் வரவில்லையென்றால் அது காத்திருக்காது. ஒருத்தி நமக்காகக் காத்திருக்கிறாள் என்ற எண்ணம் இருக்கிறதே, அதுதான் சோர்ந்து போன நாளிலும் நம்மை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைக்கும்.

அந்த நர்சுப் பெண் இன்று ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "பரீட்சைக்கு வேண்டியதைக் கிளாஸில் படிச்சேன் சார். படுக்கையில் இருக்கிற பாட்டி வலியை எப்படிச் சொல்வாங்கன்னு அவகிட்டேதான் கத்துக்கிட்டேன்." அந்தப் பக்கத்துச் செய்தி இன்னும் பெரிது. அந்த மாணவி ஒரு நாள் அம்மம்மாவோடு பத்து நிமிடம் பேசியிருக்கிறாள், நடுவில் ஒரு ஜெர்மன் வார்த்தை கலக்காமல். அம்மம்மா முதலில் பேத்தியின் குரல் என்றே நம்பவில்லையாம். யார் கதைக்கிறது, யார் கதைக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

நண்பர்களே, கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று தலை குனிந்து கேட்ட பெண் கொடுத்தது அது. கோட்டை கட்டி ஆளவில்லை, கோடி ரூபாய் கொடுக்கவில்லை. தினமும் பேசுகிற பேச்சைத்தான் கொடுத்தாள்.

நம் சங்கத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். இங்கே ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நேரம் இருக்கிறது, தமிழ் இருக்கிறது. நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த ஊர் மொழி இருக்கிறது, தமிழ் நழுவிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் நம் கல்லூரியில் இன்று படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த மொழிகள் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, யாருக்கு எந்த மொழி வேண்டும், யாரால் எந்த மொழி தர முடியும், எந்த நிலை, எந்த நேரம், எந்த வழக்கு என்று ஐந்து கட்டம் வரைந்து எழுதி வைப்போம். ஜோடி சேர்ப்பதைச் சங்கம் செய்யட்டும். தெரிந்த குடும்பம் என்பதால் பெற்றோர்களுக்கும் பயமில்லை. வருஷத்துக்குப் பத்து ஜோடி நிலைத்தால் போதும்.

முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். தர முடிந்தது தமிழ், ஜெர்மன். நேரம், ஞாயிறு மாலை.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன் முடித்துவிட்டேன்.